கட்டைவிரலில் பூனைமுடி

பாத்திரம் கழுவும்போது தன் விரல் நனைகிறதா என்று யாராவது பார்ப்பார்களா? பாலிஷ்காரி பார்த்தாள். குழாய்த் தண்ணீர் வழிந்து கை முழுக்க மினுங்க, கட்டைவிரல் நுனியில் மட்டும் மிளகளவு ஓர் இடம் மினுங்கவே இல்லை. விளக்கு வெளிச்சம் அங்கே போனது, திரும்பி வர மறந்தது.

ஆய்வுக்கூடத்தில் டங்ஸ்டன் என்ற உலோகத்தில் செய்த காசளவு வில்லைகளைக் கண்ணாடிபோலத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அதில் தன் பல்லைப் பார்த்துக்கொள்ளாமல் ஒரு வில்லையையும் அனுப்பமாட்டாள், அத்தனை பெருமை. ஹீலியம் வாயுவை நெருப்பாய்ச் சூடேற்றி ஒளிரவைத்த பிளாஸ்மாவுக்குள் வைத்து எடுத்தால் அதே வில்லை கரிக்கட்டையாக வந்து நிற்கும். இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். ஆனால் மேலதிகாரி முதுகைத் திருப்பியதும், கறுப்புக்கு அடியில் பளபளப்பு மிச்சமிருக்கிறதா என்று வெறும் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பது அந்தப் பிரிவின் வழக்கம். இன்று மத்தியானம் அவளும் பார்த்தாள். பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடுமே.

சோப்பு. எலுமிச்சை. கம்பிநார். தேய்க்கத் தேய்க்கப் பரவியது. வலியே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்மா இயந்திரம் ஓட்டுபவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தக் கறுப்பு எப்படிண்ணே வருது?"

"ஹீலியம் உள்ள பூந்துடும்மா. வெளிய வர வழி தெரியாம குமிழ் குமிழா சேர்ந்து மேல முட்டும். முட்ட முட்ட உலோகமே நூல் நூலா எழுந்து நிக்கும். கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி. வெளிச்சத்த முழுங்கிடும், அதான் கறுப்பு. ஏன், பரீட்சை எழுதப் போறியா?"

"எதுவரைக்கும் வளரும்?"

"சூடும் ஹீலியமும் இருக்கறவரைக்கும். அடுப்புச் சூடெல்லாம் பத்தாது."

"உடம்புச் சூடு?"

"நீ என்ன டங்ஸ்டனா?" சிரித்துவிட்டு வைத்தார்.

மகள் வழக்கம்போல இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள். பாலிஷ்காரி குளியலறைக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள்.

கறுப்பு முழங்கைவரை ஏறியிருந்தது. பால் பொங்குமுன் விளிம்பில் கூடும் நுரைபோலத் தோலுக்கடியில் குமிழ்கள் ஊர்ந்தன, சோப்பு நுரை அடங்கும் மெல்லிய ஓசையோடு ஒவ்வொன்றாக வெடித்தன, வெடித்த இடத்திலெல்லாம் ஒரு கறுப்பு இழை எழுந்து நின்றது. சுட்ட இரும்பு வாசனை.

"என்னடி, உள்ளயே குடி போயிட்டியா?" கணவன் கதவைத் தட்டினான்.

"பாப்பாவ அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. தொடக்கூடாது."

"யாரை?"

"என்னை."

அவன் ஏதோ முணுமுணுத்துப் போனான். டிவி சத்தம் கூடியது. மகள் போகவில்லை.

"அம்மா, வலிக்குதா?"

கதவடி இடுக்கில் நான்கு சின்ன விரல்கள் நுழைந்தன.

"பிடிச்சுக்கோம்மா. சரியாயிடும்."

அவள் எதிர்ச்சுவரோடு ஒட்டினாள். கையை முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். வரவில்லை. அது இப்போது அவள் கை இல்லை. தரையில் விழுந்து கிடந்தது. காற்றே இல்லாத அறையில் இழைகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சூடு இருக்கும் பக்கம், அந்தச் சின்ன விரல்கள் பக்கம்.

நீண்டன.

கையை எடு என்று கத்தினாள். தொண்டையிலிருந்து வந்தது அவள் குரல் இல்லை. ஹீலியம் அடைத்த பலூன் காற்றை விழுங்கியதுபோல் கீச்சென்று, பொம்மைக் குரல்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் கலகலவென்று சிரித்தாள்.

"இன்னொரு தடவ பேசும்மா."

விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தன.