ரேடியோ பார்க்கில் இரண்டாவது பிணம்

அன்பரசன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான்.

மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். காபி கலக்கத் தோன்றவில்லை. வெறும் பாலையே குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான்... முன்பக்கம் மட்டும்.

மூன்று மாதமாக இப்படித்தான்.

வண்டிச் சாவியை எடுக்கும்போது செல்போன் அலறியது.

பேச்சியம்மாள். பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிறவள்.

"சார்... பார்க்குக்கு ஓடியாங்க! வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணன் ரேடியோ ரூம் படியில... ரத்தமாக் கெடக்காரு!"

"உயிர் இருக்கா?"

"ஈ மொய்க்குது சார்..."

சிவகாசியின் எண்பது வயதுப் பூங்கா அது. நடுவில் எட்டு மூலைக் கட்டடம் ஒன்று. ஒரு காலத்தில் சாயங்காலமானால் அதன் ஒலிபெருக்கி ஊருக்கே செய்தி சொல்லும். அதனால் ரேடியோ பார்க்.

அதைப் புதுப்பிக்கும் வேலை, பொறியாளன் அன்பரசன் பொறுப்பில். இடிக்காமல் செப்பனிட்டு, ரூமை ஜனங்களுக்குத் திறந்துவிடலாம் என்று வரைபடம் போட்டவள் சினேகா.

அவன் மனைவி.

அளவெடுக்க அந்த ரூமின் மாடிக்கு ஏறியவள், தவறி விழுந்து செத்தாள். மூன்று மாதம் ஆகிறது.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் சங்கிலிமுத்து. "உங்க பேரைச் சொல்லிக்கிட்டேதான் சார் கண்ண மூடுனாக" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுதான் அன்பரசன் நடமாடிக்கொண்டிருந்தான்.

நேற்று மாலை அதே சங்கிலிமுத்து போன் செய்தான்.

"நான் சொன்னது பொய் சார்... அம்மா கடைசியாச் சொன்னது வேற. போன்ல வேணாம். காலைல வாங்க, சொல்லுதேன்."

இப்போது காலை.

சொல்ல வேண்டியவன் பிணம்!

* * *

இன்ஸ்பெக்டர் யோகேஸ்வரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்மண்டையில ஒரே போடு. தெரிஞ்ச ஆளா இருக்கணும். முதுகைக் காட்டி நின்னுருக்கான்."

காண்ட்ராக்டர் ராஜபாண்டியன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? இந்த ஓட்டை ரூமை இடிச்சுத் தள்ளிட்டு ஃபுட் கோர்ட் கட்டுவோம்னு! ரெண்டு உசுரைக் காவு வாங்கிருச்சே மேடம்!"

"மூணாவதா உங்களை வாங்குச்சுன்னா, ஃபுட் கோர்ட்டுக்கு உங்க பேரையே வச்சிரலாம். ராத்திரி எங்கன இருந்தீங்க?"

ராஜபாண்டியனின் கைக்குட்டை கீழே இறங்கியது.

"வீ... வீட்லதான் மேடம்..."

"எவன்டா இடிக்கிறேன்னு சொன்னது?"

அதட்டல் கேட்டுத் திரும்பினார்கள்.

கனகசபாபதி! காலண்டர் அச்சகம் நடத்தும் பெரிய மனிதர். பூங்கா பாதுகாப்புச் சங்கத் தலைவர். ரேடியோ ரூமை யாரும் தொடக் கூடாதென்று கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருப்பவர்.

"ஒரு செங்கலை நகட்ட விடமாட்டேன்! இது நம்ம ஊரு சொத்து." அன்பரசனின் தோளைத் தொட்டார். "உன் வீட்டம்மா உசுரை விட்ட இடம்டா தம்பி..."



"ரூமைத் திறக்கணும் சார்" என்றாள் யோகேஸ்வரி. "சாவி?"

"சங்கத்துப் பொறுப்பு. எங்கிட்டதான் இருக்கு. ஆனா உள்ள பாம்பு, பல்லின்னு... நானே நுழைஞ்சு பத்து வருசமாச்சு. ரெண்டு நாள் டைம் குடுங்க."

"ரெண்டு நிமிஷம் தரேன்."

கனகசபாபதிக்கு வேறு வழியில்லை. செல்போனை டிரைவரிடம் கொடுத்தார். கிடந்தவனை விலகிப் படியேறினார். கடைசிப் படியில் செருப்பைக் கழற்றினார். வாசலோரம் மண்ணில் நட்டிருந்த பழைய இரும்புக் கம்பத்தில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். பூட்டில் சாவியை நுழைத்தார்...

"நிறுத்துங்க!"

அன்பரசன்தான். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"அய்யா... நீங்க எப்பவாச்சும் வெடித் தொழில் பண்ணியிருக்கீங்களா?"

"எனக்கு அந்த வாடையே ஆகாதே தம்பி! நான் பேப்பர்காரன்."

"அப்ப செருப்பை ஏன் கழட்டுனீங்க?"

"பழைய கட்டடம்... கோயில் மாதிரி நெனச்சு..."

"சரி. கம்பத்தை ஏன் தொட்டீங்க?"

கனகசபாபதி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வெடிமருந்து ரூமுக்குள்ள நுழையறவங்கதான் செருப்பை வெளிய விடுவாங்க. உடம்புல இருக்கற கரண்ட் பொறியாத் தெறிக்காம மண்ணுல எறங்கட்டும்னு இரும்பைத் தொடுவாங்க. போனை வெளிய குடுப்பாங்க. மூணையும் நீங்க யோசிக்காமலே பண்ணீங்க. தினமும் பண்ணிப் பழகுன கை அது!"

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது. சிவகாசியாயிற்றே!

"ஏலே... உள்ள மருந்தா?" கேட்ட ராஜபாண்டியன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றான்.

* * *

நிபுணர்கள் வந்து திறந்தார்கள்.

உள்ளே ரேடியோ இல்லை. தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு மூட்டைகள்... லைசென்ஸ் இல்லாத வெடிமருந்து! சோதனைக்கு வருகிறவன் பூங்காவில் வந்தா தேடுவான்?

இருபது அடி தள்ளிச் சறுக்குமரம். சாயங்காலமானால் அதில் நூறு பிள்ளைகள்.

பூங்காவைக் காப்பாற்றியவர் போலீஸ் ஜீப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். யோகேஸ்வரி கேட்கக் கேட்க, வார்த்தைகள் உதிர்ந்தன.

"மாடி ஓட்டை வழியா உள்ள எட்டிப் பாத்துட்டா அந்தப் பொண்ணு... பின்னாலயே ஏறிப் போயி தள்ளிட்டேன். சங்கிலிமுத்து கீழ நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டான். மக என் அச்சாபீஸ்லதான வேலை பாக்கா... அவளைச் சொல்லி மெரட்டி வாயை மூடி வச்சிருந்தேன். ராத்திரி இங்க வந்து, இனிமே மூட முடியாதுன்னு திரும்பி நடந்தான்... போட்டுட்டேன்."

அன்பரசன் ஜீப்பின் கம்பியைப் பிடித்தான்.

"கடைசியா அவ என்ன சொன்னா?"

"எதுக்கு தம்பி இப்ப..."

"சொல்லுங்க!"

கனகசபாபதி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெஞ்சித்தான் பாத்தேன் தம்பி. 'பாத்ததை மறந்துரும்மா... பார்க்கு வேலை முடிஞ்சதும் கல்வெட்டுல எம் பேருக்குப் பக்கத்துல உம் பேரையும் வெட்டுறேன்'னேன்..."

"அதுக்கு?"

"சிரிச்சா."

"சிரிச்சுட்டு?"



"'எனக்கு வேணாங்க அய்யா... உங்க பேரை மட்டும் போடுங்க. காக்கா எச்சம் போட ஒரு இடம் வேணும்ல!'"