அகரம் ஃபீடர்

சுவிட்சைத் திருகி அகரம் ஊருக்குக் கரண்டு போகும் ஃபீடரை நிறுத்திய பிறகும், அதன் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.

ஆபரேட்டர் ஜெரோம் மீட்டர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். துணை மின்நிலையத்தின் ஜன்னலுக்கு வெளியே, பூந்தோட்டங்களுக்கு அப்பால், அகரம் ஒரு விளக்குகூட இல்லாமல் அந்திக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. கிழக்கே நூல் மில் மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. லோடைக் குறைக்காவிட்டால் மாநிலமே இருண்டுவிடும் என்று உத்தரவு. "மில் லைனைத் தொடாதீங்க, ஊர் லைனை எடுங்க" என்றிருந்தார் அதிகாரி. ஏன் என்று ஜெரோம் கேட்கவில்லை.

போன் அடித்தது. அகரத்திலிருந்து கருப்பணன் என்ற பெரியவர்.

"தம்பி, எம் பொஞ்சாதி சோலையம்மாளுக்கு ஆக்ஸிஜன் மிஷின்லதான் உசிரு ஓடுது. செத்த நேரம் கரண்டு விடுங்கப்பு."

"மேல கேட்டுச் சொல்றேன்யா."

கேட்டான். "ஒருத்தருக்காக ஒரு ஊரையே ஆன் பண்ண முடியுமா? ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க" என்று அதிகாரி வைத்துவிட்டார். ஜெரோம் அதையே பெரியவரிடம் ஒப்பித்தான். அவர் அழுதார்.

டார்ச்சோடு முற்றத்துக்குப் போய், சூடான எண்ணெய் வாடையும் சரளைக்கல்லின் வெக்கையும் முகத்தில் அடிக்க, இரும்புத் தூண்களுக்கு நடுவே அகரம் பிரேக்கரைத் தேடிப் பார்த்தான். திறந்துதான் இருந்தது; கரண்டு போக வழியே இல்லை. ஆனாலும் அகரத்துக்குப் போகும் கம்பியிலிருந்து மெல்லிய இரைச்சல். இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் இரைச்சல்.

உள்ளே ஓடினான். முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

மறுபடியும் போன்.

"புண்ணியவான், விட்டுட்டீங்க! மிஷின் ஓடுது தம்பி."

"நான் விடலையேய்யா."

"எந்திரிச்சு உக்காந்துட்டா." பெரியவரின் குரல் தேய்ந்தது. "ஆனா நெஞ்சு அசையல. உடம்பு ஐஸா கெடக்கு. போனைக் கேட்டுக் கையை நீட்டுறா தம்பி..."

"குடுக்காதீங்கய்யா!"

போன் கை மாறும் சத்தம். ஒரு மூச்சு இழுப்பு. நீளமாக. காது சில்லிட்டது.

ஜெரோம் மூச்சை இழுத்தான். வரவில்லை. நெஞ்சில் இருந்ததும் போய்க்கொண்டிருந்தது. தடுமாறிச் சுவிட்சைத் திருகினான். அகரம் முழுக்க விளக்கு எரிந்தது.

ரிசீவர் காதை விடவில்லை. இழுப்பு நிற்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம். உதடு நீலம். வாய் திறந்திருந்தது. கன்னங்கள் உள்ளே, இன்னும் உள்ளே, குழிந்துகொண்டே போயின.