தாத்தா தப்பாகக் கட்டிய மேடை

"இன்னிக்கு அதை இடிக்காம இந்த வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!" என்று நாத்தனார் சபதம் செய்தபோது அவர் கையில் இரண்டாவது டம்ளர் காபி இருந்தது. காபி தண்ணீரில் சேராது என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இடிக்க வேண்டியது சமையல் மேடை. போன வருஷம் காலமான தாத்தா தன் கையால் கட்டியது. அவர் கட்டிய சுவர் எதுவும் ஒரு நூல்கூடச் சாய்ந்ததில்லை. அப்பேர்ப்பட்ட கொத்தனார், சொந்த வீட்டுச் சமையல் மேடையை இடித்துக் கட்டியபோது மட்டும் கோட்டை விட்டார். மேடை நாலு விரல் தாழ்ந்துவிட்டது. அதற்கு மேலே அவர் பதித்த தட்டு, எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். "கணக்குத் தப்பிடுச்சு" என்று தாத்தாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அது பஸ்ஸில் குனிந்தே நிற்கிற நெட்டை வம்சம். நாத்தனார் அதிலும் ஒரு பிடி அதிகம். குட்டை என்றால் மருமகள் ஒருத்திதான்.

"அப்பா போயும் இந்த மேடையால சிரிக்கிறாங்க. என் செலவுல புதுசா கட்டித் தரேங்கிறேன். உன் பொண்டாட்டிக்குப் பொறுக்கல பாரு!" என்றார் நாத்தனார், தம்பியிடம்.

தம்பி செய்தித்தாளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கினார்.

"வேண்டாம் அண்ணி... இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் மருமகள்.

"ஏன்? எங்கப்பா தோத்தது தினம் உன் கண்ணு முன்னாடி கெடக்கணுமா? அவர் மானம் போனா உனக்கென்ன... நீ வந்தவதானே!"

வந்தவள்! சிமெண்டு அரித்த அந்த விரல்களுக்குக் கடைசிவரை நகம் வெட்டிவிட்டது வந்தவள்தான். அவளுக்குக் கண் நிறைந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மேடை பிழைத்துவிடும். ஆனால், "அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, தாங்க மாட்டா" என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தாரே...

"சரி அண்ணி... இடிச்சுக்கோங்க" என்றாள். மேடையில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள்.

சுத்தியலோடு மேஸ்திரி வந்தார். தாத்தாவோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர். வந்தவர் முதலில் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேடைமேல் வைத்தார்.

"இடிக்கப்போறதுக்கு எதுக்குங்க மட்டம்?" என்றாள் பேத்தி.

"பழக்கதோஷம் பாப்பா. உங்க தாத்தா வேலைன்னா வச்சுப் பாத்துடணும்."

குமிழி அசையாமல் நடுவில் நின்றது. மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை எதுக்கும்மா இடிக்கணும்?"

"தப்பா கட்டிட்டாரே!" என்றார் நாத்தனார்.

"தப்பா? கலவை போட்டுக் குடுத்தவனே நான்தாம்மா! பழைய மேடையில இந்தம்மா தோளைத் தூக்கித் தூக்கி வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. உங்கப்பா பின்னாடி நின்னு, இவங்க முழங்கை உசரத்தை ஒரு குச்சியில கீறிக்கிட்டார். மறுநாளே மேடையை இடிச்சுட்டார். அப்போ உங்க கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருந்துச்சு. 'நான் கெளம்புறதுக்குள்ள அடுப்படியை மாத்திட்டாரேன்னு எம்பொண்ணு அழுவா. கணக்குத் தப்பினதாவே இருக்கட்டும்'னார். ஒரு மாசம் பொறுக்கலாமேண்ணேன்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு தோளு பொறுக்காதுடா'ன்னார்."

செய்தித்தாள் தானாக மடிந்தது.

"அம்மா போனதுலேருந்து இங்க நின்னு வெந்தவ நான்... தம்பிக்கு முடிச்சுவச்சுட்டுத்தானே என் கல்யாணத்துக்கே ஒத்துக்கிட்டேன்..." நாத்தனாரின் குரல் உடைந்தது. "நான் போறவரைக்கும்கூடப் பொறுக்கலையா அவரு...? ஏய், உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் ஏன்டி வாயைத் திறக்கல? நான் அவ்வளவு பேச்சுப் பேசினேனே... பாவி!"

"சொன்னா இப்படி அழுவீங்களே... அதான்."

நாத்தனார் இன்னும் பெரிதாக அழுதார்.

"அண்ணி, அந்த மேல்தட்டு மட்டும் தப்புன்னா நினைக்கிறீங்க?" என்றாள் மருமகள் மெதுவாக. "விருந்தாளிக்கு எடுக்கிற கண்ணாடி டம்ளரையெல்லாம் மாமா அங்கதான் வைக்கச் சொன்னார். ஒரு முக்காலி வாங்கிக் குடுங்கன்னு எத்தனையோ தடவை கேட்டேன். 'எம்பொண்ணு வந்து எடுத்துத் தருவா. அவளுக்கும் இந்த வீட்டுல ஒரு வேலை இருக்கட்டும்மா'ன்னு சொல்லிட்டார்."

"அந்தக் குச்சியில கீறல் ரெண்டு இருந்துச்சும்மா" என்றார் மேஸ்திரி. "நீங்க கொடியில துணி போடுறப்போ கை எட்டின உசரம் இன்னொண்ணு."

நாத்தனார் ஊரில் இல்லாதபோது வந்த விருந்தாளிகளெல்லாம் ஏன் சொம்பில் குடித்துவிட்டுப் போனார்கள் என்பது பேத்திக்கு அன்றுதான் விளங்கியது.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். கையை உயர்த்தினார். குதிகாலைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல்கள் நேராக டம்ளர்களில் போய் நின்றன. அப்படியே தட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா..." என்றார்.

பிறகு குனிந்து மருமகளைக் கட்டிக்கொண்டார். அந்த மேடைக்காகக்கூட அவர் அவ்வளவு குனிந்ததில்லை.

"மன்னிச்சுடுடி..."

"ஐயோ, என்ன அண்ணி இது... மூச்சு முட்டுது!"

நாத்தனார் டம்ளர்களை எல்லாம் இறக்கி, கழுவி, மேஸ்திரிக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். தானும் ஒரு டம்ளர் மடமடவென்று குடித்தார். சபதத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை.

"என் இடுப்புதான் ஒடியுது" என்றார், மேடையைத் தடவியபடி. "ஆனா எங்கப்பா நல்லாத்தான் கட்டியிருக்கார்."

மருமகளைத் திரும்பிப் பார்த்தவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"நம்ம அப்பா."