உடம்பு போயிருக்கிறது

உடம்பை ஜிம்முக்கு அனுப்பிவிட்டுத் திருமேனி காபி குடிக்க உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பது ஒரு பேச்சுக்கு. உட்காருவதற்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்நேரம் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, மரகதவல்லியிடம் "போயிட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தன. போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயின. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் திருமேனி சொந்தமாக ஒருநாள்கூடக் கதவை அப்படிச் சாத்தியதில்லை.

கடல் பெரம்பூர்வரை வந்து நின்றுவிட்ட பிறகு திருவள்ளூரில் எழுந்த பெருங்கோபுரங்களில் அதுவும் ஒன்று. அங்கே குடியிருந்த எல்லோருடைய பிடரியிலும் புளியங்கொட்டை அளவில் ஓர் ஏவலன் இருந்தது. அதை எழுப்பிவிட்டால் உடம்பை அது ஓட்டும், ஆள் விலகிக்கொள்ளலாம். விலகிய மனங்கள் கூடிப் பேசுவதற்குக் கட்டடத்தின் அடியில், குளிரூட்டிய பெட்டிகளுக்குள், மனமன்றம் என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அங்கே நாற்காலி இருப்பதுபோல் இருக்கும். காபி வரும், நாக்கு வராது, ருசி மட்டும் வரும்.

இந்த ஏவலன் திடீரென்று முளைத்ததல்ல. இருபத்தோராம் நூற்றாண்டு மனிதன் ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவான். கட்டிய களைப்பில் படுத்துவிடுவான். படுத்தபடியே, யாரோ ஒருவன் பளு தூக்குவதைக் கைபேசியில் பார்த்து, அவன் முதுகு வளைந்திருப்பதாகக் குறை சொல்லுவான். அந்த நாகரிகத்தின் நெடுநாள் ஏக்கத்தைத் தீர்த்துவைக்கவே விஞ்ஞானிகள் பாடுபட்டார்கள்.

திருமேனி 'பளுவே பலம்' பேரவையின் தலைவர். தசை என்பது முதுமைக்குப் போடும் சேமிப்பு, எடை தூக்காத எலும்பு செல்லரித்த மரம், வலி என்பது பலவீனம் வெளியேறும் ஓசை என்றெல்லாம் மன்றத்தில் கைதட்டு வாங்குவார். கடைசியாக அவர் எதையாவது கனம் என்று உணர்ந்தது எப்போது என்று கேட்டால் அவருக்கே நினைவிருக்காது. சாப்பாட்டுக்கும், சண்டைக்கும், கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவதற்கும் மட்டும்தான் அவர் தம் உடம்புக்குள் வருவார்.

அவருக்கு எதிரி இஸ்ரவேல். 'இளைப்பாறுவோர் இயக்கம்' கண்டவர். இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று அளந்து கொடுத்திருக்கிறது, அதை இரும்பைத் தூக்கி விரயம் செய்பவன் முட்டாள் என்பது அவருடைய கட்சி. திருமேனியின் உடம்பு ஜிம்முக்குப் போகும் அதே வேளையில் அவர் தம் உடம்பை மூன்றாம் மாடி ஓய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பஞ்சுமெத்தையில் அசையாமல் கிடத்தச் சொல்லுவார். அவருடைய குடும்பம் தூத்துக்குடியைக் கடலிடம் விட்டுவிட்டு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு மட்டும் நனையாமல் வந்திருந்தது.

"என்ன வே, இன்னிக்கு உம்ம உடம்புக்கு எவ்வளவு ஏத்திவிட்டீரு?" என்று இஸ்ரவேல் ஆரம்பித்தார்.

"நூத்தம்பது கிலோ. தோள்ல வச்சு உக்காந்து எந்திரிக்கச் சொல்லியிருக்கேன்."

"எழுவத்தஞ்சு வயசுல நூத்தம்பதா! முட்டி என்னத்துக்கு ஆவும்? அது எலும்பு வே, தண்டவாளமில்ல."

"உம்ம உடம்பு மெத்தையில கெடந்து கெடந்து இட்லி மாவு மாதிரி பொங்கியிருக்கும். முதல்ல அதைப் போய்ப் பாரும்."

"பொங்குனாலும் முழுசா இருக்கும்லா. உம்ம சீடன் வில்வநாதன் தோள்பட்டை என்னாச்சு? பிச்சுக்கிட்டு வந்துட்டாமே."

"அவனுக்கு நம்பிக்கை போதாது" என்றார் திருமேனி. பின்வரிசையிலிருந்து அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். கையில்லாமல் தட்டுவதால் மன்றத்தில் கைதட்டல் எப்போதும் பலமாகவே இருக்கும்.

ஆனால் வில்வநாதனின் தோள்பட்டை திருமேனிக்குள் எங்கோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் நீட்டிப்புச் சோதனை. எழுபத்தைந்தாம் வயதில் எல்லோருக்கும் நடப்பது அது. எலும்பும் தசையும் இதயமும் தேறினால் அரசாங்கம் தேய்ந்த உறுப்புகளை மாற்றிக் கொடுத்து இன்னொரு கால் நூற்றாண்டு வாழவைக்கும். தேறாவிட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். சோதனையும் ஒரே நாளில். தேறாதவர் தம் சங்கத்தைக் கலைத்துவிட்டு, மன்றத்தின் நடுவில் நின்று "நான் சொன்னது பொய்" என்று சொல்லவேண்டும் என்று பந்தயம் வேறு போட்டிருந்தார்கள். சாவதைவிட அந்த இரண்டாவது விஷயம்தான் திருமேனியை வாட்டியது.

அன்று வீட்டுச் சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாக மனைவியிடம் வந்தார்.

"மரகதம், என் உடம்பு நடக்கறப்ப முட்டியில சத்தம் கித்தம் வருதா?"

மரகதவல்லி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வரலையே. நல்லாத்தான் நடக்குது. பயமா இருந்தா எடையைக் கொறச்சுக்க வேண்டியதுதானே?"

"கொறச்சா இஸ்ரவேல் சிரிப்பான்."

"அவருக்குத்தான் இப்ப வாயே இல்லையே."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டுத் திருமேனி மன்றத்துக்குத் திரும்பி, எடையை இன்னும் பத்து கிலோ கூட்டும்படி ஏவலனுக்குக் கட்டளை அனுப்பினார்.

சோதனை நாள் வந்தது. இரண்டு உடம்புகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் உட்கார்ந்திருந்தன. உரிமையாளர்கள் இருவரும் சுவரில் இருந்தார்கள். மரகதவல்லி கூடையோடு ஓரமாக நின்றாள். டாக்டர் தாட்சாயணி இரண்டு உடம்பையும் அழுத்தினாள், நீட்டினாள், மடக்கினாள், குழாய்க்குள் அனுப்பி வெளியே எடுத்தாள். பிறகு திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"ரெண்டு பேரும் தேறியாச்சு" என்றாள்.

"ரெண்டு பேருமா?" என்று சுவர் இரண்டு குரலில் கேட்டது. அதில் மகிழ்ச்சி மருந்துக்கும் இல்லை.

"ஐம்பது வயசு உடம்பு மாதிரி இருக்கு. எலும்பு, தசை, மூட்டு எல்லாமே. ஆனா ஒண்ணுதான் புரியல. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஒரே பயிற்சி பண்ணினாத்தான் இப்படி வரும். சேர்ந்தா போறீங்க?"

"இவனோடயா!" என்றார் திருமேனி.

"செத்தாலும் போவ மாட்டேன்" என்றார் இஸ்ரவேல்.

டாக்டர் திருமேனியின் உடம்பைப் பார்த்தாள். "ஏவலா, நீ சொல்லு."

திருமேனியின் வாய் திறந்தது. அவருடைய குரல்தான், ஆனால் அவரிடம் யாரும் கேட்டிராத பணிவு அதில் இருந்தது. "ஐயா மன்னிக்கணும். நீங்க சொன்ன எடையைத் தூக்கினா முட்டி ஒரு மாசம் தாங்காது. அதுக்காகச் சும்மா இருந்தாலும் எலும்பு கரைஞ்சிடும். அதனால தாங்குற அளவுதான் தூக்குவேன். மெதுவா, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டுவேன். ஒருநாள் தூக்கினா மறுநாள் நடை. இஸ்ரவேல் ஐயாவோட உடம்பும் கூட வரும். ஒருத்தர் தூக்குறப்ப இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பிடிச்சுக்குவோம்."

"அடப்பாவி" என்றார் இஸ்ரவேல், தம் உடம்பைப் பார்த்து. "மெத்தையில படுக்கச் சொன்னா நீ எங்கடே போயிருக்க?"

இஸ்ரவேலின் உடம்பு தலையைக் குனிந்துகொண்டது. "படுப்பேன் ஐயா. தூக்கி முடிச்சப்புறம்."

"அப்ப நூத்தம்பது கிலோ?" என்றார் திருமேனி மெல்ல. "தினம் காலையில தூக்கிட்டேன் தூக்கிட்டேன்னு சொன்னியே?"

"சொன்னா ஐயா சந்தோஷப்படுவீங்க. சந்தோஷம் இதயத்துக்கு நல்லது."

மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கூடையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

டாக்டர் இன்னும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இதயத்துல மட்டும் ஒரு சின்னச் சிக்கல். ரெண்டு பேருக்குமே சாப்பாட்டு நேரத்துல ரத்த அழுத்தம் எகிறுது, சர்க்கரை ஏறுது, தாடை இறுகுது. அந்த நேரத்துல என்ன நடக்குது?"

இரண்டு உடம்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அப்பத்தான் டாக்டர்," என்றது திருமேனியின் உடம்பு தயங்கித் தயங்கி, "ஐயா உள்ள வருவாங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சட்டப்படி உடம்புகளுக்கு நீட்டிப்பு உண்டு. உரிமையாளர்களும் கூடவே வரணும்னா ஒரு நிபந்தனை இருக்கு. அவங்கவங்க கொள்கையை அவங்கவங்களே, ஏவலன் இல்லாம, ஒரு தடவை செஞ்சு காட்டணும். திருமேனி சார், நீங்க பத்து கிலோ தூக்கி நின்னா போதும். இஸ்ரவேல் சார், நீங்க கால் மணி நேரம் அசையாமப் படுத்தா போதும்."

திருமேனி உரக்கச் சிரித்தார். "பத்து கிலோவா? குழந்தைங்க விளையாட்டுச் சாமான்மா அது!"

உடம்புக்குள் வந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். தரையிலிருந்த இரும்பின் மேல் கையை வைத்தார். முதலில் இரும்பு சில்லென்றிருந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. தூக்கினார். தசைக்கு அது தினப்படி வேலை. ஆளுக்குத்தான் புதுசு. உள்ளங்கை அறுத்தது, முன்கை இழுத்தது, மூச்சு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முட்டியது. முக்கியமாக, கனத்தது. இத்தனை வருடம் மேடையில் புகழ்ந்த பொருள் இப்படிக் கனக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இடுப்புவரை வந்த இரும்பைத் தொப்பென்று போட்டார்.

"என்னம்மா இது இப்படிக் கனக்குது! இது மனுஷன் செய்யற காரியமா? உடம்பை வதைக்கறதுக்கு ஒரு அளவில்லையா?"

பக்கத்துக் கட்டிலில் இஸ்ரவேல் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். படுத்ததுமே முதுகு அரித்தது, கால் துடித்தது, பழகிய தொடைகள் எழுந்து நட, எழுந்து நட என்று நச்சரித்தன. "சவத்தைப் போல எத்தனை நேரம் கெடக்க முடியும்? ரத்தம் ஓட வேண்டாமா? இது சீக்குக்காரன் வேலைலா!"

"ரெண்டு பேருமே தேறல" என்றாள் டாக்டர். "பரவாயில்ல. எத்தனை தடவை வேணா முயற்சி பண்ணலாம். நாளைக்கே வாங்க. வந்து கொஞ்சம் பழகினா சீக்கிரமே முடியும். அதுவரைக்கும் பண்டிகை நாள்ல மட்டும் உடம்புக்குள்ள வரலாம்."

"நாளைக்கே வர்றோம்" என்றார்கள் இருவரும்.

மறுநாள் வரமுடியவில்லை. மன்றத்தில் அவசரக் கூட்டம் இருந்தது. பந்தயப்படி "நான் சொன்னது பொய்" என்று சொல்லவும் நேரம் கிடைக்கவில்லை. இருவருக்கும் புதிய உண்மை கிடைத்திருந்தது. இதயத்துக்கு அளந்து கொடுத்த துடிப்பை இரும்பில் விரயம் செய்யலாமா என்று திருமேனி முழங்கினார். அசையாத எலும்பு செல்லரித்த மரம் என்று இஸ்ரவேல் எதிரே நின்று பதில் கொடுத்தார். சீடர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு இந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கமும் மாறி உட்கார்ந்துகொண்டு, முன்னைக் காட்டிலும் பலமாகக் கைதட்டினார்கள். அதற்கடுத்த நாள் மறுப்புக் கூட்டம். அதற்கும் அடுத்த நாள் மறுப்புக்கு மறுப்பு.

ஜிம்மில் இரண்டு உடம்புகள் எதிரெதிரே நின்று, பேசாமல், தாங்குகிற அளவுக்குத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. முடிந்ததும் ஒன்று கடைக்குப் போய் வாழைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது. பண்டிகைகள் இரண்டு வந்து போய்விட்டன. அந்த இரண்டு நாளும் மன்றத்தில் சிறப்புப் பட்டிமன்றம்.

சுவர் கரகரத்தது. பின்னணியில் கைதட்டல்.

"மரகதம்! என் உடம்பு ஜிம்மிலேர்ந்து வந்துடுச்சா?"

"வந்து, குளிச்சு, சாப்ட்டும் ஆச்சு" என்றாள் மரகதவல்லி, எதிரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்த உடம்பைப் பார்த்தபடி. "நீங்க பேசிட்டே இருங்க."