பெயர் கட்டாயம்

மதியச் சாப்பாடு முடிந்து தயாபரன் டியூட்டிக்குத் திரும்பியபோது, மேசைமேல் புதிதாக ஓர் இரும்புப் பெட்டி வந்திருந்தது. ஷார்ஜா முவைலாவில், ஜன்னலே இல்லாத கிடங்கு அது. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. ஆஸ்பத்திரி பில், கப்பல் ரசீது என்று எதையெல்லாமோ பார்த்துச் சலித்த மனுஷன் அவன். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த மகள் ரக்ஷிதாவைத் தவிர வேறெதற்கும் அவன் மனம் அசைந்ததில்லை.

இந்தப் பெட்டி அசைத்தது.

கவிழ்ந்துபோன ஏதோ ஓர் அரசாங்கத்தின் ரகசியக் கோப்புகள் அவை. விசாரணைக்காக அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு கைதி. எந்த விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள், ஆள் எவ்வளவு நேரம் தாங்கினான் என்று நிமிடவாரியாகப் பென்சிலால் குறித்திருந்தது. முதல் நிமிடம், அறுத்த புல் வாசம், இருமல். நான்காம் நிமிடம், கண் தெரியவில்லை. பதினோராம் நிமிடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. கைதிக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது.

எழுதியவன் கை ஓரிடத்திலும் நடுங்கவில்லை. முத்து முத்தான கையெழுத்து.

கம்ப்யூட்டரோ, பெயர் போடாமல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஏதாவது ஒன்றைப் போடு பாய், அப்புறம் மாற்றலாம். ஜல்தி," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர் உஸைர்.

காலிக் கட்டங்களில் தயாபரன் வழக்கமாக அடிப்பது ஒரே பெயர்தான். போன் பூட்டுக்கும் அதுதான், பாஸ்வேர்டுக்கும் அதுதான். விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன.

ரக்ஷிதா.

ஏசிக் குளிரில் எங்கிருந்தோ அறுத்த புல் வாசம் வந்தது.

நாலு பக்கம்கூட ஸ்கேன் செய்திருக்கமாட்டான், போன் அடித்தது. மனைவி சுகந்தா.

"இஞ்சருங்கோ, பிள்ளை திடீரெண்டு இருமத் துவங்கினவள், நிக்குதில்லை. கண்ணும் தெரியேல்லையாம். வீடெல்லாம் வெட்டின புல்லு மணக்குது."

"போனை அவளிட்டக் குடும்."

மூச்சு இழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"அப்பா... ஒண்டும் தெரியேல்லை. மூலையில ஒரு மாமா மட்டும் தெரியிறார், நிண்டு எழுதிக்கொண்டிருக்கிறார்."

தயாபரன் கீபோர்டுக்குத் தாவினான். பெயரை அழித்தான். கட்டம் சிவந்தது. பெயர் கட்டாயம். வாய்க்கு வந்த எழுத்துகளை அடித்தான். ஏற்கவில்லை. 'கைதி' என்று அடித்தான்.

ஏற்கவில்லை.

அவள் பெயரை அடித்து ஒன்பதாம் நிமிடம். உஸைரின் பெயரை அடிக்க விரல் போனது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

தயாபரன் என்று அடித்தான்.

கட்டம் பச்சையானது.

"அப்பா," குரல் தெளிந்திருந்தது. "மாமா போயிட்டார். இப்ப எல்லாம் தெரியுது."

"சரி குஞ்சு. அம்மாட்டத் தண்ணி வாங்கிக் குடியுங்கோ."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். சந்தோஷத்தில் கண் கலங்கியது. தொண்டை லேசாகக் கரகரத்தது. ஒருமுறை இருமினான்.

முதுகுக்குப் பின்னால், நிதானமாக, பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.