பழைய பெயரில் ஒரு புதிய பூட்டு

முதலாளி செத்துக் கிடந்தார்.

கம்ப்யூட்டர் சர்வர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே... விரல் நகங்கள் உடைந்து!

நெருப்பை அணைக்கும் வாயு திறந்துகொண்டு மூச்சை அடைத்திருக்கிறது. அபாய மணி அடித்தால் தானாகத் திறக்க வேண்டிய கதவு, அன்றைக்கென்று பார்த்து இறுக்கிப் பூட்டிக்கொண்டது.

வெளியே, அவருடைய மைத்துனன் க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கிக்கொண்டிருந்தான். கம்பெனிக்கு அவன்தான் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். பிணத்தைப் பார்த்து அல்ல.

"மாமாவைக் கொன்னது இவதான் சார்," என்று கையை நீட்டினான்.

நீட்டிய பக்கம் ஒரு பெண். மென்பொருள்களைக் கட்டி, பொட்டலம் பொட்டலமாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுவது அவள் வேலை. அதனால் ஆபீஸில் அவள் பெயரே 'பொட்டலம்'. காலையில் அவள் புது லைப்ரரி ஏற்றியதால்தான் கதவு குழம்பியதாம்.

"லைப்ரரின்னா என்னம்மா?"

"பல ப்ரோக்ராம் பொதுவா வெச்சுக்கிற ஃபைல் சார். பூட்டுக்கான லைப்ரரியில ரெண்டாம் பதிப்பு இருந்துச்சு. இன்னிக்கு மூணாவது வந்துச்சு. மத்ததையெல்லாம் மூணுக்கு ஏத்த மாதிரி திரும்பக் கட்டிட்டேன், கதவு மட்டும் பாக்கி. அதுவரைக்கும் ரெண்டு பதிப்பும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். பழசை நான் தொடவே மாட்டேன்."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள்.

பழையதைக் காணோம்! புதியதற்கு யாரோ பழையதன் பெயரை ஒட்டியிருந்தார்கள்.

"பேரைப் பாத்து கதவு ஏமாந்துடுச்சு சார். மணி அடிச்சா கதவு ப்ரோக்ராம் பூட்டுக்கு 'ஒண்ணு'ன்னு எண் அனுப்பும். பழசுல ஒண்ணுன்னா திற. புதுசுல ஒண்ணுன்னா பூட்டு."

அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அவளும் மேனேஜரும் மட்டும்தான்.

மேனேஜர் அடுத்த பிஸ்கட்டைப் பிரித்தான். அவசரத்தில் அவளே ஒட்டியிருப்பாள் என்றான். அவள் தன் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். விலங்கு தனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள், பாவம்.

இன்ஸ்பெக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். தலையாட்டிவிட்டுக் கீபோர்டின் முன் உட்கார்ந்தாள்.

பிணத்தை எடுத்துப் போனார்கள். முதலாளி விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லி மேனேஜரை உள்ளே அழைத்துப் போனார் இன்ஸ்பெக்டர். கதவு சாத்திக்கொண்டது.

அபாய மணி அலறியது!

மேனேஜரின் வாயிலிருந்து பிஸ்கட் விழுந்தது.

"பயப்படாதீங்க. மணி அடிச்சா கதவு திறந்துடும்ல?"

"திறக்காதுய்யா! பேரை ஒட்டினது நான்தான்! வாயுவைத் திறந்து விட்டதும் நான்தான்! என்னை வேலையை விட்டே தூக்கறேன்னாரு அந்த ஆளு... ஐயோ, காப்பாத்துய்யா!"

சளியும் எச்சிலும் பிஸ்கட் தூளுமாக இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டான்.

தூ! அக்காள் தாலியை அறுத்த கை அது. இன்ஸ்பெக்டர் காலை உதறினார்.

பிறகு ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார்.

திறந்தது!

வெளியே இரண்டு கான்ஸ்டபிள்கள். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

"வாயுவை முன்னாடியே மூடியாச்சு. கதவு ப்ரோக்ராமையும் அந்தப் பொண்ணு புதுசுக்குத் திரும்பக் கட்டிட்டா. மணி அடிச்சதுமே பூட்டு விட்டுடுச்சு. நீ ஒரு தடவை தள்ளிப் பாத்திருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பொட்டலம் இப்போதுதான் கைகளை முன்னால் கொண்டு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜரின் பிசுபிசுத்த மணிக்கட்டில் விலங்கை மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் தன் விரல்களைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார்.

"ஜெயிலுக்குச் சொந்தப் பேர்லயே போ. அங்க அடுத்தவன் பேரை ஒட்டிக்கிட்டா கதவு திறக்காது!"