அரசனின் அங்கி

ஒத்திகையிலேயே கடிதம் நனைந்திருந்தது.

"ஆர் இதிலை தண்ணி ஊத்தினது?" என்றார் அரசன் வேசக்காரர் யேசுரட்ணத்தார்.

கூத்தாடி வேசம் போடும் சவிரிமுத்து தாளைத் திருப்பிப் பார்த்தான். "அலுமாரிக்குள்ளை கிடந்தது அண்ணை. வெறுந்தாள்தானே, காய்ஞ்சிடும்."

காயவில்லை.

நாடகம் இதுதான்: பொய்க் கடிதம் எழுதி மந்திரியைச் சாகடிக்கிறான் அரசன், அரசி கூத்தாடிகளை வரவழைத்து, அந்தக் குற்றத்தையே அவன் கண்முன் நாடகமாக ஆடவைக்கிறாள். அரசன் வேசத்துக்குக் கோயிலடியில் யேசுரட்ணத்தாரின் மீசையை விட்டால் வேறு மீசை கிடையாது. மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். எங்கள் தெருவுக்குக் கேட்கவா தெரியாது!

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகுமுன், இன்னொருவரின் ஸ்டோர்ஸ் வேலைக்கு ஆசைப்பட்டு, இடக்கையால், கள்ளப் பெயரில் துரைக்கு ஒரு பெட்டிசம் எழுதியவர் அவர். பஸ்தியாம்பிள்ளை செப்புக் கம்பி கடத்துகிறார் என்று. அந்த மனுசனுக்கு வேலை போனது. மூன்றாம் நாள் துறைமுக ஜெட்டிப் பாலத்தடியில் பிணமாக மிதந்தார். சவப்பெட்டி தூக்கியவர்களில் யேசுரட்ணத்தாரும் ஒருவர். அழுதார். நன்றாகவே அழுதார்.

திருநாளன்று மாலை பஸ்தியாம்பிள்ளையின் பெண்சாதி மரியமலர், தான் தைத்த அரச அங்கியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டாள்.

"தோள் இறுக்குதோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை."

"எங்கடை மனுசன்ரை அளவிலைதான் வெட்டினனான். ரெண்டு பேரும் ஒரே உடம்பெல்லோ."

யேசுரட்ணத்தார் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை, இவளுக்கு மட்டும் தெரியக்கூடாது. அவள் போய் முன்வரிசைக் கதிரையில் இருந்தாள்.

உள்நாடகம் தொடங்கியதும், பெற்றோல்மாக்ஸின் இரைச்சலுக்கு அடியில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும், சீனன்குடாக் கடலின் எண்ணெய் வாடையோடு அழுகின பாசி மணம் அங்கியின் கழுத்துக்குள்ளிருந்தே கிளம்பி மூக்கில் ஏறுவதும் அவருக்கு மட்டும்தானா என்று சுற்றிப் பார்த்தார். சனம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தது.

சவிரிமுத்து கடிதத்தை விரித்தான். பாடமாக்கிய வசனம் வரவில்லை. தாளைக் குனிந்து பார்த்தான். வாசித்தான்.

"கனம் துரை அவர்களுக்கு. ஸ்டோர்ஸ் பஸ்தியாம்பிள்ளை என்பவர்…"

வாய் சவிரிமுத்துவினது. குரல் அவனுடையதல்ல.

கச்சான் சத்தம் நின்றது. ஒவ்வொரு வரியும் வந்தது. கம்பியின் நீளம்கூட.

"இப்படிக்கு…"

குரல் அங்கே நின்றது. காத்திருந்தது.

"நிறுத்து!" என்பது அரசனின் வசனம். யேசுரட்ணத்தார் வாயைத் திறந்தார். உப்புத் தண்ணீர் வழிந்தது. பிறகு, அவருடைய சொந்தக் குரலில், தெளிவாக:

"உண்மை விளம்பி."

மரியமலர் எழுந்து நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கியைப் பார்த்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். அங்கியின் இரண்டு கைகளுக்குள்ளிருந்தும், அவர் விரல்களை ஒட்டியபடி, இன்னும் பத்து விரல்கள். வெளுத்து. ஊதி. மெல்ல மேலேறி வந்து, கழுத்துப் பொத்தானைப் பூட்டின.

அளவு சரியாகத்தான் இருந்தது.